ஏலக்காய் வீட்டுக்குத் தலைச்சன்

2008 ஜூன் 23, திங்கள்

காலையில் சாரல். மத்தியானம் காற்று மட்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் அப்பாவுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோனேன்.

ஏலக்காய் வீட்டின் மேற்குச் சுவரில் இன்றும் கல் விழுந்திருக்கிறது. இது இரண்டாவது தடவை. யாருக்கும் அடியில்லை. அந்தக் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை அந்த வீட்டு மாடியில்தான் கொட்டி வைப்பார்களாம். இன்னமும் மரத்தூணில் மூக்கை வைத்தால் வாசனை வரும். இப்போது அதை ஹோட்டல் ஆக்குகிறார்கள். அப்பாதான் மேஸ்திரி. திட்டம் போடுவது பெங்களூர் மேடம். ஆம்பிளைச் சட்டை, காதில் ஒன்றுமே இல்லை, குரல் மட்டும் மெதுவாக இருக்கும். மேற்குச் சுவரைப் பேர்த்துவிட்டு அந்த இடம் முழுக்கக் கண்ணாடி வைக்க வேண்டுமாம். கட்டிலில் படுத்தபடியே மலையைப் பார்க்கலாமாம்.

சாந்து சுமக்கிற பேச்சியக்கா கேட்டது, “ஓட்டல்னா இட்லி கெடைக்குமா மேஸ்திரி?”

“இது தங்குற ஓட்டல். வெளிநாட்டுக்காரக வருவாக.”

“அப்பத் தூக்கத்த வெலைக்கு விக்கப் போறீக.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் பேச்சு கல் விழுந்ததற்குப் போயிற்று. பேச்சியக்கா சொன்னது: “காவு கேக்குது. பழைய வீட்டக் கைவச்சா சும்மா விடுமா? தலைச்சம்புள்ளையின்னா அதுக்கு உசுரு.” என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. “மேஸ்திரி வீட்லயே ஒண்ணு கைவசம் இருக்கு. வெளிய தேட வேண்டியதில்ல.”

மறுபடியும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார்.

தம்பி கார்த்தி தூங்கிவிட்டான். அம்மாவும் தூங்கினாற்போலத்தான் இருக்கிறது. டார்ச் மங்குகிறது.

ஜூன் 24, செவ்வாய்

தமிழ் வீட்டுப்பாடம் எழுதவில்லை. நின்றேன். கால் வலிக்கவில்லை, பக்கத்தில் ரஹ்மத்தும் நின்றாள்.

அவளிடம் மட்டும் கேட்டேன். பெரிய கட்டடம் கட்டினால் பிள்ளையைக் காவு கொடுப்பார்களா? ரஹ்மத்: “எங்கத்தா அதெல்லாம் பொய்யிங்கிறாக.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா ஆத்துப் பாலம் கட்டுனப்ப எங்களையெல்லாம் வெளிய விடலை,” என்றாள். அப்புறம், “நீ தலைச்சனா?” என்றாள். ஆமாம் என்றதும் சோற்றுப் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாற்போல இருந்தது. அவள் வீட்டில் அவள் நாலாவது.

ராத்திரி தோசை சுடும்போது அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு முன்னாடி யாராச்சும் பொறந்தாகளாம்மா?”

“நீதான் தலைச்சன். பெறகென்ன, வானத்துலருந்து குதிச்சியா?”

கேட்டிருக்கவே கூடாது. கேட்காமல் இருந்தால் ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

ஜூன் 26, வியாழன்

வெயில். வேலை நின்றுவிட்டது. மேற்குச் சுவருக்குக் கீழே ஒருவரும் போகமாட்டேன் என்கிறார்களாம். கிடாயோ சேவலோ அறுத்து ரத்தம் காட்டினால்தான் போவார்களாம். அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவு தொடங்குகிறது. ஆட்களை நிறுத்தி வைப்பது கஷ்டம் என்று அப்பா பல் துலக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து முதலாளி வந்தார். ஏலக்காய் வீட்டைக் கட்டியவரின் பேரன். தூக்குச்சட்டியோடு நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். முதலாளி இப்போது கறி, மீன் எல்லாம் விட்டுவிட்டார்.

“இந்த வீட்ல ஒரு சொட்டு ரத்தம் விழக் கூடாது மேஸ்திரி. ஐயர வச்சு ஹோமம் பண்ணிக்கலாம்.”

“ஹோமம் நமக்குச் சரிங்க. இவங்க மனசு கேக்காதுங்க.”

“விழுந்ததுன்னு தெரிஞ்சா வேற ஆளுதான். சத்தியம் பண்ணுங்க.”

அங்கேயே செங்கல்லின் மேல் சூடம் ஏற்றச் சொன்னார். அப்பா அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். உள்ளங்கையில் கரி. சாப்பிடும்போதுதான் கழுவினார்.

முதலாளி போனதும் அப்பா வெளியே வந்து ஆட்களிடம், “பாக்கலாம், பொறுங்க,” என்றார். இரண்டு பக்கமும் தலையாட்டியாயிற்று.

ஜூன் 29, ஞாயிறு

அப்பா சந்தையில் சேவல் வாங்கிவந்தார். கறுப்பும் சிவப்பும். நல்ல கொண்டை. கார்த்தி அதற்குக் கம்பு போட்டான். கொத்தினதும் அழுதான்.

எனக்கு இன்று சந்தோஷம். சேவல் போதும் என்றால் நான் வேண்டாம்.

சட்டைப் பொத்தான் தைத்தேன். நகம் வெட்டினேன். வரலாறு இரண்டு கேள்வி பாக்கி.

ஜூன் 30, திங்கள்

விடிவதற்குச் சற்று முன்னால் கொல்லைக்குப் போக எழுந்தேன். அப்பா தொட்டி ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து வாளியில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு. ஆலம் சுற்றுகிற தண்ணீர்தான், ஆனால் கெட்டியாக. வாளியே சிவப்பாகிவிட்டது.

சேவல் வண்டியில் வயர் கூடைக்குள் இருந்தது. தலை மட்டும் வெளியே. உயிரோடு.

அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

“சூடத்த அமத்திச் சத்தியம் பண்ணிருக்கேன் சுகந்தி. மீற முடியாது. இதத் தேவாரத்துல இருக்குற அத்தை வீட்ல விட்டுட்டு வந்துருவேன். ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. அம்மாகிட்டயும்.”

தலையாட்டினேன்.

மத்தியானம் போனபோது மேற்குச் சுவர் அடியில் சிவப்பாக ஊற்றிக் காய்ந்திருந்தது. யாரும் வருவதற்கு முன்னாலேயே அறுத்துத் தலையைக் குழிக்குள் புதைத்துவிட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். முதலாளி காதுக்குப் போகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். ஆட்கள் கும்பிட்டுவிட்டுச் சுவருக்குக் கீழே போய் வேலை பார்த்தார்கள். ஒருவர் பாட்டுக்கூடப் பாடினார்.

பேச்சியக்கா: “ஈரலையாச்சும் எனக்கு எடுத்து வச்சிருக்கலாம் மேஸ்திரி.”

அப்பா: “அடுத்த வீட்டுக்கு வச்சுக்கலாம்.”

வீடு இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூலை 2, புதன்

மின்சாரம் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று கணக்கே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் எழுதினால் வாசனைக்கு அம்மா எழுந்துவிடுவார். டார்ச்சுக்கு அடுத்த பேட்டரிக் கட்டை வாங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:
மேற்குச் சுவர்ப் பக்கம் போகாமல் தூக்குச்சட்டியை முன்வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும்.
அப்பா வண்டியில் ஏறச் சொன்னால் கார்த்தியும் வர வேண்டும்.
நடுவில் படுக்க வேண்டும்.
வீரபாண்டி அம்மனுக்கு வேண்டிக்கொள்ள வேண்டும். என்ன செய்வதாக என்று இன்னும் முடிவாகவில்லை. தீச்சட்டி எடுக்கப் பயம்.

அப்பா ராத்திரி முட்டைப் பரோட்டா வாங்கி வந்தார். எனக்குத் தனிப் பொட்டலம். தலைக்கு நீலக் கிளிப், அதுவும் எனக்கு மட்டும். கார்த்திக்கு ஒன்றுமில்லை. “சாப்பிடுத்தா, மெலிஞ்சு போயிட்ட,” என்றார். அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கோயில் கிடாயையும் இப்படித்தான் கவனிப்பார்கள். மாலை போட்டு, அகத்திக்கீரை கொடுத்து, பிள்ளைகளைத் தடவிக்கொடுக்கச் சொல்லி.

பரோட்டாவைக் கார்த்திக்குக் கொடுத்துவிட்டேன். பசித்தது.

ஜூலை 5, சனி

பள்ளிக்கூடம் அரை நாள். தூக்குச்சட்டியை முன்வாசலில் வைத்துவிட்டுத் திரும்பும்போது மேடம் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

உள்ளே எல்லாம் மாறிவிட்டது. தரை சாம்பல் நிறச் சிமெண்டு, வழுவழுவென்று. சிலேட்டின் மேல் நடப்பதுபோல இருக்கிறது. கறுப்புக் கல்லில் குளிக்கிற தொட்டி, ஆள் நீளத்துக்கு. பல்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, சுவர் மட்டும் வெளிச்சமாக இருக்கும். பழைய தூண்களுக்குப் பெயிண்ட் அடிக்காமல் எண்ணெய் மட்டும் தேய்த்திருக்கிறார்கள். ஒரு சுவரைப் பூசாமல் கல்லாகவே விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து அம்மா, “காசில்லாதவக வீடு மாதிரி” என்று போன வாரம் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. மேடத்திடம் சொல்லவில்லை.

மேற்கு அறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் பாதி இல்லை. அந்த ஓட்டை வழியாகக் காற்று. மேலே தைலமரக் கம்புகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“அங்கே போய் நில்லும்மா. உன் உயரத்துக்கு மலை எதுவரை தெரியுதுன்னு சொல்லு.”

சிவப்பு ஊற்றிய இடம் அதுதான். போய் நின்றேன். மேலே கல். மேடம் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

“எது வரைக்கும் தெரியுது?”

“எல்லாம் தெரியுது.”

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். படத்தில் அது தெரியும். மேடம் சிரித்துக்கொண்டே மறுபடியும் எடுக்கலாம் என்றார். மறுபடியும் நின்றேன். ஒன்றும் விழவில்லை.

வெளியே வந்து அப்பாவிடம் மேடம் சொன்னது எனக்குக் கேட்டது. “மதுரையிலேருந்து இரும்பு ஜாக்கி வியாழக்கிழமை வருது மேஸ்திரி. அதை நிறுத்தாம மேல் கல்லுல கை வைக்கவே கூடாது. நான் பெங்களூர் போயிட்டு வந்துடறேன்.”

“சரிங்க மேடம்.”

வீட்டுக்கு வந்து குளித்தேன். மத்தியானமே.

ஜூலை 8, செவ்வாய்

காற்று பலம். முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்தது. அம்மா கீரையை ஆய்ந்து தெருவெல்லாம் கொடுத்தார்.

முதலாளி போன் பண்ணியிருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் உத்திரம் ஏற வேண்டுமாம். ஆடியில் ஏற்றமாட்டார்களாம். ஹோமம் மட்டும் போதும் என்றவர் ஆடிக்குப் பயப்படுகிறார்.

சாப்பிடும்போது அம்மா கேட்டார், “மேடம் வர்ற வரைக்கும் பொறுத்துக்கிருவமா?”

“ஜாக்கி வர்றப்ப வரட்டும். கம்பு முட்டு இருக்கு. ஆளுகளும் காவு குடுத்தாச்சுன்னு தைரியமா நிக்கிறாக. இந்தத் தைரியம் நாளைக்கு இருக்குமான்னு தெரியாது.”

“காவு குடுத்தாச்சுல்ல, பெறகென்ன?” இது அம்மா.

“ஆமா. குடுத்தாச்சு.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ரசம் ஊற்றச் சொன்னார். ஒளிக்கிற முகமாகவும் இல்லை. அவரே நம்பிவிட்டாற்போல இருந்தது.

ஜூலை 9, புதன்

கடைசி பீரியடில் ரஹ்மத் வந்து சொன்னாள். சுவர் விழுந்துவிட்டது.

ஓடினேன். கூட்டம். ஏலக்காய் ஏற்றுகிற ஜீப் அப்போதுதான் கிளம்பியது. பின்னால் பேச்சியக்காவின் கால் மட்டும் தெரிந்தது. சாக்கில் சுற்றியிருந்தார்கள். தேனிக்குக் கொண்டுபோகிறார்கள். பேச்சியக்காவின் வீட்டுக்காரர் ஜீப்பில் ஏறும்போது ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை.

மேல் வரிசைக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். கம்பு நழுவியிருக்கிறது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். பேச்சியக்கா சட்டியோடு கீழே நின்றிருக்கிறது. கல் வலது காலில். உயிருக்குப் பயமில்லையாம்.

அப்பா சாந்து மேட்டில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன். “வீட்டுக்குப் போ,” என்றார். கோபமில்லை. சத்தமும் இல்லை.

சாம்பல் நிறத் தரையில் ரத்தம். சிமெண்டு நன்றாக வழுவழுப்பாக இருந்ததால் உறிஞ்சவில்லை. ஒரு சித்தாள் சணல் சாக்கால் துடைத்தாள்.

கூட்டத்தில் கேட்டது:

“சேவல வச்சு ஏமாத்த முடியுமா? அது கேட்டது தலைச்சன.”

“பேச்சியும் தலைச்சந்தான. அவ தம்பி, தங்கச்சியெல்லாம் பெறகுதான.”

“வாங்கிருச்சு. இனி ஒண்ணும் செய்யாது.”

ஜூலை 10, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். அம்மா எழுப்பித்தான் எழுந்தேன். இட்லி இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சோற்று மணியில் ரஹ்மத் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

ஜாக்கி வந்துவிட்டது. லாரியிலிருந்து இறக்குவதைப் பார்த்தேன். மஞ்சள் பெயிண்ட்.

மேடம் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். முன்வாசல் படியில் உட்கார்ந்து அழுதார். “நான் சொன்னேனே மேஸ்திரி, சொன்னேனே.” அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்கள்தான் மேடத்துக்கு ஆறுதல் சொன்னார்கள். “அழாதீக. அது எடுக்க வேண்டியத எடுத்துருச்சு. ஒங்க மேல குத்தமில்ல. மேஸ்திரி மேலயும் குத்தமில்ல.” மேடத்துக்கு அது புரியவில்லை. என்ன எடுத்தது, யார் எடுத்தது என்று கேட்டார்.

பேச்சியக்காவின் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாராம். போலீசுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முதலாளி பார்த்துக்கொள்கிறார்.

அப்பா சாப்பிடவில்லை. அம்மா, “அதான் ஆருமே ஒங்களச் சொல்லலையே,” என்றார். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

ஜூலை 13, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கார்த்திக்குக் காய்ச்சல், கஷாயம்.

இரண்டு நாளாகப் பயமில்லை. இன்று வேறு மாதிரி இருக்கிறது. முதலில் எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

ரத்தம் இல்லை, மஞ்சளும் சுண்ணாம்பும்தான் என்று பேச்சியக்காவிடம் சொல்லியிருந்தால் பேச்சியக்கா சுவருக்குக் கீழே போயிருக்காது. நடவுக்குப் போயிருக்கும். தினமும் மத்தியானம் பார்த்தேன். ஒரு நாள் என் தலையில் பேன்கூடப் பார்த்தது. அப்போது சொல்லியிருக்கலாம்.

சுவர் விழுந்துவிட்டது என்று ரஹ்மத் சொன்னபோது முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோயிலில் கூழ். இரண்டு தம்ளர் குடித்தேன்.

ஜாக்கியை நிறுத்தி உத்திரத்தை ஏற்றிவிட்டார்கள், ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே. இன்று கண்ணாடியும் மாட்டியாயிற்று. ஆட்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தேர் இழுக்கிற மாதிரி நகர்த்தினார்கள். மலை உள்ளே வந்துவிட்டது. மேகம் இறங்குவது, ஏறுவது எல்லாம் அறைக்குள் தெரிகிறது. ஒரு குருவி வந்து மோதியது. அதையும், “பாத்தியா, இன்னும் கேக்குது,” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதலாளி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஒரு சொட்டு ரத்தம் விழாம முடிச்சிட்டீங்க மேஸ்திரி,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. “அது வேற, அது ஆக்சிடெண்ட்,” என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவும் நானும் தேனிக்குப் போனோம். பஸ்ஸில் படிக்கலாமென்று பள்ளிக்கூடப் பையை எடுத்துப்போனேன், நின்றபடியேதான் போனோம். வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் நட்டு முடித்துவிட்டார்கள். அம்மா நாட்டுக்கோழிச் சாறு வைத்திருந்தார், மூடி கசிந்து என் பாவாடையில் எண்ணெய்.

பேச்சியக்கா வரிசையில் கடைசிக் கட்டில். கால் முழுக்க மாவுக்கட்டு, தூக்கிக் கட்டியிருந்தது. ஆள் மெலிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும், “வாங்க வாங்க, தங்குற ஓட்டலுக்கு வந்திருக்கேன். இங்கயும் தூக்கம்தான் விக்கிறாக,” என்றது. அம்மா அழுதுவிட்டார். அழுதுகொண்டே சாறு ஊற்றினார். அப்புறம் சுடுதண்ணீர் வாங்கப் பிளாஸ்கோடு போனார்.

இனி நேரம் கிடைக்காது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். மஞ்சள், சுண்ணாம்பு, வயர் கூடை, தேவாரம், எல்லாம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை, “என்னது?” என்று கேட்டது, மறுபடியும் சொன்னேன்.

பேச்சியக்கா என்னையே பார்த்தது. பிறகு, “தெரியும்டி,” என்றது.

“எப்படி?”

“ஈ இல்லையே. கோழி அறுத்த எடத்துல ஈ மொய்க்காம இருக்குமா? அன்னிக்கு ஒண்ணுகூட வரலை.”

“பெறகு ஏன்க்கா சொல்லலை?”

“சொன்னா? எல்லாரும் வெளிய வந்து ஒக்காந்திருப்பாக. வேலை நின்டுரும். நடவு எத்தன நாளைக்கு? ஆடி பூரா அடுப்புல எதப் போட்டு எரிக்க?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது. “நாம்பாட்டுக்கு ஈரல் கேட்டேன். ஒங்கப்பன் மொகத்துல ஈயாடலை.”

“வீடு காவு கேக்கும்னு நீங்கதான சொன்னீக.”

“சொன்னேன். சொன்னா மேஸ்திரி சேவல் அறுப்பாரு, கறி கெடைக்கும்னு சொன்னேன்.”

அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. காலைப் பார்த்தது. நடக்க வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம். பேச்சியக்காவின் பிள்ளைகள் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவள் என் வயதுதான், இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதில்லை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

“எனக்குத் தெரியும்னு ஒங்கப்பன்ட்ட சொல்லாத. அவரு அந்தப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்.”

“எந்தப்படி?”

பேச்சியக்கா என் பையை எட்டிப் பார்த்தது. அம்மா பிளாஸ்கோடு வருவது வராந்தாவில் தெரிந்தது.

“ஏத்தா, ஒம் பைக்குள்ள என்ன, ஸ்கேலா? அதக் குடு. கட்டுக்குள்ள அரிப்புத் தாங்கல.”

கொடுத்தேன். மாவுக்கட்டுக்குள் விட்டு மெதுவாகச் சொறிந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டது. வாங்கிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். நாளைக்கு வடிவியல் பரீட்சை.